மழையில் நின்ற ஆட்டம்

நிக்சன் தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தலையில் பீய்ச்சிக்கொண்டதைப் பார்க்காமல் இருந்திருந்தால், தேசப்பனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தன் ஐம்பத்தெட்டு வயதில் வாய்த்த நல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகவே கழிந்திருக்கும். பார்த்துவிட்டார். இடைவேளை நேரம், அவருடைய கால்பந்து கிளப்பான பெல்லு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறது, சிமெண்டுப் படிகளில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஜனமெல்லாம் சுண்டலும் சிரிப்புமாக இருக்கிறது, அவர் வாயில் பாதி மென்ற மாங்காய்த் துண்டு ஒன்று புளித்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்தா அந்தத் தண்ணீர் அவன் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கு வழியாக மோவாயில் சொட்ட வேண்டும். ஈர முகம். இதே ஈர முகத்தை, இதே பல்லிளிப்போடு, வேறு எங்கோ பார்த்திருக்கிறோமே என்று மனசு சும்மா ஓர் எட்டு எடுத்து வைத்தது, வைத்த இடத்தில் தரை இல்லை. மழை ஆட்டம். ஆவணி மாதம் மழையில் நின்றுபோன ஆட்டத்தில் நிக்சன் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினான். அப்படியென்றால் போன ஞாயிற்றுக்கிழமை வாங்கியது முதல் அட்டை இல்லை, இரண்டாவது. ஒரு சீசனில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியவன் அடுத்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது. அடுத்த ஆட்டம் இதுதான். இறங்கியிருக்கிறான், கோலும் அடித்திருக்கிறான், அவனை இறக்கலாம் என்று காலையில் சொன்னது வேறு யாரும் இல்லை, தேசப்பன்தான்.

மாங்காயைத் துப்பினார். முன்படியில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும். காலை ஏழு மணிக்குக் கிளப் செயலாளர் முனிரத்தினம் போன் பண்ணினான். "தேசப்பண்ணா, பேர் குடுக்கணும், நிக்சனுக்கு எத்தினி கார்டு?" என்றான். ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு யோசித்துச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணுதான்பா, போன ஞாயித்துக்கெழம வாங்கினது, எறக்கு, ஒண்ணும் ஆவாது" என்றார், டக்கென்று, அந்த டக்கென்று சொல்வதில்தானே பெருமை. எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாம் மண்டையில். கடற்கரைப் பக்கம் ஓர் எட்டு மாடி அரசாங்க அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், முன்னூறு பேருக்கு எந்த மாடி என்று கேட்காமலே பொத்தானை அழுத்துவார், பத்து வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போன அம்மா திரும்பி வந்தால்கூட "ஆறு தானேம்மா" என்பார். பெல்லுக்கு எந்த வருஷம் யார் கோல் கீப்பர், எந்த ஆட்டத்தில் யாருக்கு முட்டி போச்சு, யாருக்கு எத்தனை அட்டை, கேட்டால் வரும். வீட்டில் கஸ்தூரி சொல்லுவாள், "ரேஷன் கார்டு எங்க வெச்சன்னு கேட்டா முழிப்பாரு, ஊரான் புள்ளைக்கு எத்தினி மஞ்ச கார்டுன்னா மட்டும் பட்டுனு வரும்." அந்தப் பட்டென்று வந்ததில்தான் இன்றைக்குக் கிளப்பே போய்விட்டதோ. போய்விடவில்லை, இன்னும் போகவில்லை, யாருக்கும் தெரியாதவரைக்கும் போகவில்லை. விசில் ஊதினார்கள். இரண்டாவது பாதி தொடங்கியது. நிக்சன் ஈரத் தலையோடு நடுக்கோட்டுக்கு ஓடினான், ஓடும்போதே காலுறையைக் குனிந்து இழுத்துவிட்டுக்கொண்டான், அந்தக் காலுறை எப்போதும் நிற்காது, எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், லாஸ்டிக் போடுடா என்று.

சரி, நிதானமாக யோசிப்போம், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் அவர் சொல்வதும் அதுதான், நிதானமா இருங்க, ஒண்ணும் ஆவாது. மழை ஆட்டத்தில் நிஜமாகவே அட்டை காட்டினார்களா. மனசு பயத்தில் இட்டுக்கட்டுகிறதோ. கணுக்கால் அளவு தண்ணீர், பந்து உருளாமல் சட்டியில் போட்ட உருண்டை மாதிரி நின்றது, இருபத்திரண்டாவது நிமிஷம் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால், பதினெட்டோ பத்தொன்பதோ, நிக்சன் விசில் ஊதிய பிறகு பந்தை உதைத்தான், உதைத்ததில் தண்ணீர் வாரி ரெஃப்ரி முகத்தில் அடித்தது. ரெஃப்ரி பையில் கைவிட்டு அட்டையை எடுத்தார், ஈரக் கையில் அது வழுக்கித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. மஞ்சளாக. நிக்சன்தான் குனிந்து அதை எடுத்துத் தன் ஜெர்சியில் துடைத்து ரெஃப்ரி கையிலேயே கொடுத்தான், அவர் வாங்கி அவனுக்கே காட்டினார். தன் அட்டையைத் தானே பொறுக்கிக் கொடுத்தவன். மைதானமே சிரித்தது. தேசப்பனும் சிரித்தார், குடை இல்லாமல் நனைந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். இதை எப்படி மறந்தார். மறக்கவில்லை, அதுதான் விஷயம், சிரிப்பு ஞாபகமிருந்தது, அட்டைதான் கணக்கில் ஏறவில்லை. நாலு நாள் கழித்து வியாழக்கிழமை அதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினார்கள், நாலு கோல் வாங்கித் தோற்றார்கள், மண்டை அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டு மழை நாளைத் தள்ளிவிட்டது. நடக்காத ஆட்டம் என்று தள்ளிவிட்டது. ஆட்டம் நின்றாலும் அட்டை நிற்கும். இந்த விதி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, முனிரத்தினத்துக்குத் தெரியாது, பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டருக்குத் தெரியாது. தேசப்பனுக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் அதோ, மைதானத்துக்கு அந்தப் பக்கம், எதிர் அணியான ஹார்பர் யூத் கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார், சவரிமுத்து.

அந்தப் பக்கம் பார்க்காதே என்று கண்ணுக்குச் சொன்னார். கண் கேட்டால்தானே. ஹார்பர் யூத்துக்கு ஒரு டிரா போதும், முதல் டிவிஷனிலேயே இருந்துவிடுவார்கள். பெல்லு ஜெயித்தே ஆகவேண்டும், ஜெயித்தால் ஹார்பர் கீழே போகும், பெல்லு தங்கும். பத்து ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒரு டிரா, மற்றதெல்லாம் அடிமேல் அடி, கோல் கீப்பருக்குக் கட்டைவிரல் உடைந்தது, மாஸ்டருக்கு மஞ்சள் காமாலை வந்தது, பெனால்டி அடித்தால் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தவனையும் நாய் கடிக்கும் என்பார்கள், அது சரிதான். அப்படியும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேசப்பன் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இந்தப் படியில் உட்கார்ந்தார், அடுத்த ஆட்டம் எடுத்துவிடுவோம் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொன்னார், சொன்னதை நம்பினார். மில் மணி அடிப்பதற்குள் பந்தாடிவிட்டு வேலைக்கு ஓடியவர்கள் ஆரம்பித்த கிளப், அதனால்தான் மார்னிங் பெல் என்று பேர், ஊர் வாயில் பெல்லு. மில் போய்விட்டது, மணி போய்விட்டது, பெல்லு இருக்கிறது. இரண்டாவது டிவிஷனுக்குப் போனால் பையன்கள் சிதறிவிடுவார்கள், நல்லா ஆடுகிற நாலு பேரை வேறு கிளப் கூப்பிட்டுக்கொள்ளும், மிச்சம் இருப்பவன் பார்சல் வண்டி ஓட்டப் போவான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தேசப்பன் எங்கே போவார். மனிதன் வாரம் ஆறு நாள் ஏறி ஏறி இறங்கி எங்கேயும் போகாமல் இருக்கிறானே, ஏழாவது நாளாவது எங்காவது போக வேண்டாமா. பந்து இடப்பக்கம் வந்தது. நிக்சன் ஒருத்தனைத் தாண்டி, இரண்டாவது ஆளையும் தாண்டி உள்ளே அடித்தான், யாரும் இல்லை, பந்து கோட்டைத் தாண்டிப் போனது. படிக்கட்டு முழுக்க அய்யோ என்றது. தேசப்பன் வாயும் அய்யோ என்றது, ஆனால் எதற்கு என்று வாய்க்கே தெரியவில்லை.

பத்தொன்பது வருஷம். அப்போது தேசப்பனும் சவரிமுத்துவும் எந்த மைதானத்தில் ஆட்டம் என்றாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். கிளப் வேறு, ஊர் வேறு, சவரிமுத்து அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அப்போது ஹார்பர் யூத்துக்குச் செயலாளர், இப்போது தலைவர். ஒரே காகிதப் பொட்டலத்தில் வேகவைத்த வேர்க்கடலை, தோலை ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் போடுவார்கள். ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சவரிமுத்து சொன்னார், "ஆட்டம் நின்னாலும் அட்ட நிக்கும் தேசப்பா, மாத்தி நெனச்சிக்காத, எத்தினியோ பேரு அதுல உளுந்துகிறான்." கடலையை உரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷக் கடைசி ஆட்டம் ஹார்பரும் பெல்லும். ஹார்பர் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது, பெல்லு கீழே போகவேண்டியதுதான். எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தேசப்பன் மண்டையில் பல்பு எரிந்தது. ஹார்பரின் அந்தோணிக்கு, ஜனம் உள்ளே புகுந்ததால் பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தில் ஓர் அட்டை உண்டு, கூட்டிப் பார்த்தால் இரண்டு. ஓடினார். அப்போது கால் ஓடும். பெல்லு செயலாளரைப் பிடித்து ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வைத்தார். போட்டி நடத்துகிற சங்கத்துக்காரர்கள் தாமாக எதையும் தோண்ட மாட்டார்கள், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எதிர் அணிக்காரன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பழைய ரிப்போர்ட்டைப் பிரிப்பார்கள். பிரித்தார்கள். மூன்றுக்குப் பூஜ்யம் என்று பெல்லுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஹார்பர் கீழே போனது, ஏறி வரப் பதினோரு வருஷம் ஆனது. பெல்லுக்காரர்கள் அன்றைக்குத் தேசப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு பேசின் பாலம் வரைக்கும் போனார்கள். தோளில் இருக்கும்போது அவர் சவரிமுத்துவைத் தேடினார், நன்றாக ஞாபகமிருக்கிறது, எதற்குத் தேடினார் என்றுதான் ஞாபகமில்லை. விதிப்படி செய்தேன், திருடினேனா, பொய் சொன்னேனா, என்று பத்தொன்பது வருஷமாக லிஃப்டுக்குள் தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். எதிரே இருக்கும் இரும்புக் கதவு ஒன்றும் சொன்னதில்லை. அதற்கப்புறம் சவரிமுத்து அவரோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. எதிரில் வந்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார்.

"இன்னாணா மூஞ்சி இப்டி கீது? ஜெயிச்சிக்கினு கீறோம்ணா." முனிரத்தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பேப்பர் டம்ளரில் டீ கொண்டுவந்திருந்தான், தேசப்பனுக்கென்று சர்க்கரை இல்லாமல். பகலெல்லாம் டெம்போ ஓட்டிவிட்டு, பையன்களுக்கு ஷூ வாங்க ஆள் ஆளாகப் பார்த்துப் பேசி, வைதாலும் வாங்கிக்கொள்கிற பையன் முனிரத்தினம். இவனிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும். நிக்சனை வெளியே எடுப்பான், எடுத்து என்ன பிரயோஜனம், இறங்கின பாவம் இறங்கினதுதான், ஒரு நிமிஷம் ஆடினாலும் ஆடினதுதான். எடுத்தால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் ஏன் எடுக்கிறான் என்று பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் இவன் நிம்மதியாக டீ குடிப்பான். "வெயிலு" என்றார் தேசப்பன். "இன்னா வெயிலு, அஞ்சு மணி ஆவப் போவுது." "ஒனக்கு இன்னா தெரியும், என் வயசு வந்தா தெரியும்." முனிரத்தினம் சிரித்தான். "நீ மட்டும் காலைல சொல்லலன்னா நான் பயந்துக்கினு நிக்சன ஒக்கார வெச்சிருப்பேண்ணா. மாஸ்டர் கூட இன்னாடா எதுக்கும் பாத்துக்கோன்னாரு. தேசப்பண்ணா சொல்லிடுச்சு, அப்பீலே இல்லன்னுட்டேன்." சொல்லிவிட்டு அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனான். டீ நாக்கைச் சுட்டது. நன்றாகச் சுடட்டும் என்று இன்னொரு வாய் குடித்தார். அந்த நாக்குக்கு இது போதாது.

மழை ஆட்டத்துக்கு ஹார்பர்காரன் எவனும் வந்திருக்க மாட்டான். வேறு இரண்டு கிளப் ஆடின ஆட்டம், அதுவும் அந்த மழையில், எவனுக்குத் தலையெழுத்து. இது ஒன்றுதான் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கயிறு, அதையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார், எவனும் வந்திருக்க மாட்டான், எவனும் வந்திருக்க மாட்டான். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை. வந்துவிட்டது பார், எங்கிருந்தோ அந்தக் குடை. எல்லாரும் ஷெட்டுக்கு ஓடியபிறகும் அசையாமல் நின்ற ஒரு கறுப்புக் குடை, ஒரு நொடி தேசப்பன் திரும்பிப் பார்த்தார், குடைக்குக் கீழே இடுப்புக்கு மேல் தெரியவில்லை, மடித்துக்கட்டின வேட்டியும் இரண்டு காலும் மட்டும் தெரிந்தன. யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஊரில் ஒருத்தர்தானா வேட்டியை மடித்துக் கட்டுகிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், குடையில் ஆளை ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சாக்கில் அந்தப் பக்கம் பார்த்தார். சவரிமுத்து நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது கை சட்டைப் பையின் மேல் இருந்தது. நெஞ்சு வலியாக இருக்குமோ. எழுபது வயது, போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று கேள்வி, போய்ப் பார்க்கத்தான் நினைத்தார், ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போய் ஆரஞ்சுகூட வாங்கினார், அப்புறம் அந்த ஆரஞ்சைக் கஸ்தூரிதான் உரித்துத் தின்றாள்.

எழுபத்தைந்தாவது நிமிஷத்திலிருந்து ஹார்பர் பையன்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு கோல் போதும் அவர்களுக்கு. பந்து பெல்லு பாதியைவிட்டு வெளியே வரவில்லை, நிக்சனே பின்னால் வந்து தடுத்துக்கொண்டிருந்தான், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினான், நொண்டிக்கொண்டே ஓடினான். படியில் யாரும் உட்காரவில்லை. தேசப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார், முன்னால் நிற்பவர்களின் இடுப்புகளுக்கு நடுவில் மைதானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு மஞ்சள் துண்டு மண், ஒரு நீல ஜெர்சி, ஒரு கால். அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. ஹார்பரின் பத்தாம் நம்பர் பதினெட்டு கஜத்திலிருந்து அடித்தான், கோல் கீப்பர் பாய்ந்தான், எட்டவில்லை, பந்து அவன் விரலைத் தாண்டிப் போய்க் கம்பத்தில் மோதி வெளியே வந்தது. படிக்கட்டு முழுக்க உயிர் வந்த மாதிரி மூச்சு விட்டது. தேசப்பனும் விட்டார். விட்ட பிறகுதான் தெரிந்தது, அது நிம்மதி மூச்சு இல்லை. ஏமாற்ற மூச்சு. பந்து உள்ளே போயிருக்கலாம் என்று அவர் உடம்பு ஆசைப்பட்டிருக்கிறது. கை இரண்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, போ, போ என்று சொல்லியிருக்கிறது, பந்தைப் பார்த்து, பெல்லு கோலைப் பார்த்து. டிரா ஆகியிருந்தால் பெல்லு கீழே போயிருக்கும், ஆனால் மைதானத்தில் தோற்றுப் போயிருக்கும், ஊரே சேர்ந்து அழுதிருக்கும், அவரும் ஓர் ஓரத்தில் அழுதிருக்கலாம், காலை ஏழு மணி போனைப் பற்றி எவனும் எப்போதும் கேட்டிருக்க மாட்டான். நாற்பது வருஷம். எட்டு வயதுப் பயலிலிருந்து எடுத்தால் ஐம்பது. ஒருநாள்கூட, பெல்லு ஆறு கோல் வாங்கின நாளில்கூட, எதிராளி பந்து உள்ளே போகட்டும் என்று நினைத்ததில்லை. சீ என்று வந்தது. தன்மேல் வருகிற சீ. எழுந்தார். முட்டி கடகடவென்றது. எழுந்து நின்று தொண்டை கிழிய, "பெல்லு, பெல்லு, எடத்த வுடாத, எடத்த வுடாத" என்று கத்தினார், பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், எல்லாருக்கும் குரல் கணீரென்று வந்தது, அவருக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆட்டத்துக்காக அழுகிறார் என்று ஒருத்தன் முதுகைத் தடவிக்கொடுத்தான். ஜெயிக்கட்டும். அது போதும். எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான். எவனுக்கும் தெரியாது. மடியில் இருக்கிற கனம் மடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், செத்தால் கூடவே எரிந்துவிடும். இன்னும் நாலு நிமிஷம். மூன்று. ரெஃப்ரி கையைப் பார்த்தார். பந்து மேலே போனது, வெயில் தாழ்ந்த வானத்தில் கொஞ்ச நேரம் அது கீழே வரவே மாட்டேன் என்கிறாற்போல் இருந்தது, கீழே வருவதற்குள் விசில் ஊதிவிட்டது.

ஜனம் வேலியைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. நிக்சனைத் தூக்கினார்கள். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கிருந்தோ பறை வந்துவிட்டது, யார் கொண்டுவந்தார்களோ, தோற்றிருந்தால் அதை எங்கே ஒளித்திருப்பார்களோ. தேசப்பன் படியைவிட்டு இறங்காமல் நின்றார். ஒரு மணி நேரம். ஐந்து நாற்பதுக்கு முடிந்தது, ஆறு நாற்பது தாண்டிவிட்டால் ஒருத்தனும் ஒன்றும் பண்ண முடியாது. சங்கத்து மேஜை அந்த மூலையில், வேப்பமரத்தடியில், ஒரு கண்ணாடிக்காரர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜைக்குப் போகிற வழியெல்லாம் காலியாக இருந்தது. யாரும் போகவில்லை. அப்புறம் வெள்ளைத் தொப்பி எழுந்தது. நாற்காலியை மடித்து ஒருத்தனிடம் கொடுத்துவிட்டு மெல்ல நடந்தது. மேஜைப் பக்கம் போகவில்லை. ஆடுகிற கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பெல்லு படிக்கட்டைப் பார்த்து, தேசப்பனைப் பார்த்து வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து சவரிமுத்து மூச்சு வாங்கினார். தேசப்பன் இரண்டு படி இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் கழித்து.

"நல்லா ஆடினான் அந்தப் பையன்" என்றார் சவரிமுத்து.

"ஆமாணா."

"மழையில கூட நல்லாத்தான் ஆடினான். கார்ட பொறுக்கிக் குடுத்தான் பாரு, எனக்கு சிரிப்பு தாங்கல. நீ கூட என்னத் திரும்பிப் பாத்த. கொடைக்குள்ள யாருன்னு தெரியல போல."

சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முட்டிமேல் வைத்துக்கொண்டார். ஓரம் வியர்வையில் நைந்திருந்தது. "மூணு மணிக்கு பேர் ஒட்டுனாங்கல்ல, அப்பவே எழுதிட்டேன். எங்க பசங்களுக்கு சொல்லல. சொன்னா எவன் ஓடுவான். ஒரு கோல் போட்டுட்டானுங்கன்னா கிழிச்சிப் போட்ருலாம்னு இருந்தேன். கம்பத்துல பட்டுது பாரு. அப்ப எங்க உசுரு போச்சு." பறைச் சத்தத்தில் நிறுத்திப் பேசினார். "நேரா போயி குடுத்திருப்பேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா ஒன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கணும்னு தோணிச்சு. சொல்லு தேசப்பா. குடுக்கட்டா, வாணாமா?"

என்ன சொல்ல வேண்டும் என்று தேசப்பனுக்குத் தெரியும். விதி விதிதான், குடுங்கணா, என்று சொல்லவேண்டும். பத்தொன்பது வருஷமாக லிஃப்டுக்குள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பேச்சு அது, விதிப்படி செய்தேன், விதிப்படி செய்தேன், அதையே இப்போது வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்குச் செய்ததுகூட நியாயமாகிவிடும். அந்தப் பக்கம் நிக்சன் தன் பெண்டாட்டி கையிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். முனிரத்தினம் சட்டையைக் கழற்றிச் சுற்றினான், வயசுக்கு மீறின தொப்பை குலுங்கியது. "வாணாணா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் உள்ளேயிருந்து கூப்பிடுவது மாதிரி இருந்தது. "வாணாணா. வுட்ருங்க. தப்பு என்னுது. பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வுட்ருங்கணா."

சவரிமுத்து தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். "அன்னிக்கு நீ என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா நானும் இதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "வாணாம்பா, வுட்ருன்னு." கோபம் இல்லாமல் சொன்னார். தேசப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தாளை மடிப்புக் கலையாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். மரத்தடி மேஜையைப் பார்த்துத்தான் நடந்தார், நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

தேசப்பன் எழப் பார்த்தார். அதற்குள் முனிரத்தினம் ஓடிவந்துவிட்டான், பின்னால் நாலைந்து பேர், "இந்தாளுதாண்டா, இந்தாளு சொல்லலன்னா நிக்சன் இன்னிக்கு எறங்கியிருக்க மாட்டான், தூக்குடா" என்றான். நாலு கை வந்து தொடையைப் பிடித்தது. தரை போய்விட்டது. ஒருத்தன் தோளிலிருந்து இன்னொருத்தன் தோளுக்கு மாறி, பறைக்குப் பக்கத்தில், எல்லாத் தலைக்கும் மேலே அவரை ஏற்றிவிட்டார்கள், நிக்சன் கீழேயிருந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான், முகம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த உயரத்திலிருந்து மைதானம் முழுக்கத் தெரிந்தது. வேப்பமரத்தடியில் கண்ணாடிக்காரர் தாளை விரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார், படித்துவிட்டு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார். "எறக்கி வுடுங்கடா" என்றார் தேசப்பன். யாருக்கும் கேட்கவில்லை. "டேய், எறக்கி வுடுங்கடா." பறை இன்னும் வேகமாக அடித்தது, அவரை ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.